சாதனைப் பட்டியலில் ஒரு வரி

பல்கலைக்கழக மக்கள்தொகை ஆய்வு மையத்தின் ஆண்டறிக்கையில், ‘ஆசிரியர், மாணவர் சாதனைகள்’ என்ற பகுதியில், என் ஆய்வுக் கட்டுரையும் மாநாட்டில் அதற்குக் கிடைத்த பரிசும் ஒருவழியாக ஏறிவிட்டன. கட்டுரையை எழுதி வெளியிடப் பட்ட பாட்டைவிட, அது வெளியாகிவிட்டது என்று சொந்தப் பல்கலைக்கழகத்தை நம்பவைக்கப் பட்ட பாடுதான் பெரிது. மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கத்திலிருந்து வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் பதிவு செய்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்களுக்குப் பேருந்துக் கட்டணமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மையத்தின் பெயர் வேண்டாம். மற்ற ஊர்களில் படிக்கும் தோழிகளைக் கேட்டால் அங்கும் ஏறக்குறைய இதே நிலைதான்.

கட்டுரையின் பொருள், கடற்கரைக் கிராமங்களில் வயது எப்படிப் பிழையாகப் பதிவாகிறது என்பது. கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் வயதைக் கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் வந்து நிற்கும். இதை அளப்பதற்கு விப்பிள் குறியீடு இருக்கிறது. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், குவியலே இல்லாவிட்டால் 100, எல்லோருமே பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிந்தால் 500 வரும். பாசி எடுக்கும் ஒரு பாட்டி தனக்கு அறுபது என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, ஊரே நினைவில் வைத்திருக்கும் நிகழ்ச்சிகளை ஆண்டு வாரியாக எழுதிய ‘நிகழ்ச்சி நாட்காட்டி’யை விரித்துக் கேட்டபோது, “தனுஷ்கோடி அழிஞ்ச வருசம் தம்பிய நான்தான் இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிவேன் தாயி, ரோட்டுப் பாலம் தொறந்தப்ப மூணாவது பிள்ள மடியில கெடந்தான்” என்றார். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர், பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவருக்கு அறுபத்தாறுக்குக் குறையாது. அதாவது, கணக்கின் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டியவர் அறுபது என்று சொல்லி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார். இப்படி உள்ளே வருகிறவர்களைப் பற்றியதுதான் என் கட்டுரை.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஒரே கூட்டத்தில் கிடைத்தது. களப்பணியும் தரவு உள்ளீடும் திட்டப்படியே முடிந்தன. இதழின் மதிப்பீட்டாளர் ஒருவர் மட்டும், ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் மூலத் தரவோடு ஒப்பிடச் சொன்னார். அந்தத் தரவை வழங்கும் டிஎச்எஸ் (பல நாடுகளின் மக்கள்தொகை, உடல்நல ஆய்வுத் தரவுகளைத் தரும்) திட்டம் அமெரிக்க உதவி நிறுத்தத்தால் 2025 தொடக்கத்தில் முடங்கிப்போய், புதிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வராத காலம் அது. சீனியர் ஒருவரிடம் தரவு இருந்தது. ஆனால் அனுமதி பெற்றவர் அதை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. கடைசியில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சி-13 அட்டவணையில் உள்ள ஒற்றை வயது வாரியான எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, காரணத்தையும் எழுதி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். இதே கேள்வி உங்களுக்கும் வந்தால் சி-13 நினைவில் இருக்கட்டும். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

இனி அலுவலகக் கதைக்கு வருகிறேன். கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கும், அவற்றை வரிசைப்படுத்தும் ஒன்றிய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சாதனைக்கும் ஒரு படிவம், படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சான்று என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சான்றே இல்லாமல் சாதனை எழுதிய காலமும் இருந்தது. ஆனால் படிவத்தை வாங்குகிறவர் எதையும் வாசிப்பதில்லை, கட்டங்களை மட்டும் எண்ணுகிறார்.

முதலில் மாட்டியது பெயர். நம் ஊரில் தலைப்பெழுத்தோடு வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த கதைதான். பல்கலைக்கழகப் பதிவில் என் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இருக்கிறது. ஆதாரில் அது பின்னால் இருக்கிறது. இதழின் இணையப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது என்பதால் அங்கே அப்பாவின் முழுப்பெயர் ஏறிவிட்டது. மாநாட்டார் கொடுத்த சான்றிதழிலோ தலைப்பெழுத்தே இல்லை. நான்கு தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்த பிரிவு எழுத்தர், “ஏம்மா, இதுல நீங்க யாரு?” என்று கேட்டார். நோட்டரி பிரமாணப் பத்திரம் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். ராமநாதபுரத்தில் நோட்டரியிடம் பணம் கட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், அந்த இருக்கையில் வேறு ஒருவர் இருந்தார். அவர் பத்திரத்தைத் தொடக்கூட இல்லை. நால்வரும் ஒருவரே என்று ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் துறைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும் என்றார். ஆகவே, செலவு செய்வதற்கு முன்னால் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்சிட் எண்ணையும் முதல் கட்டுரைக்கு முன்பே எடுத்து, பல்கலைக்கழகப் பதிவில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எங்கும் கொடுங்கள்.

இதழில் அச்சாகும் நிறுவன முகவரியையும் மெய்ப்புப் பார்க்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். மையத்தின் பெயர் மட்டும் இருந்து பல்கலைக்கழகத்தின் பெயர் விடுபட்டால், ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளத்தில் அந்தக் கட்டுரை பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேராமல் போகலாம். எங்கள் நெறியாளர் இதில் கறாரானவர் என்பதால் நான் தப்பித்தேன். பக்கத்து அறை ஆய்வாளர் ஒருவர் திருத்த அறிவிப்புக்காக இதழுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்.

அடுத்தது கேர் பட்டியல், அதாவது தரமானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல். அதை 2025 பிப்ரவரியில் மானியக் குழு நிறுத்திவிட்டது. என் கட்டுரை அதற்குப் பிறகு வெளியானது. படிவமோ பழையது, அதில் ‘கேர் பட்டியலில் இதழின் பெயர் உள்ள பக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பட்டியலே இல்லை என்று சொன்னேன். “பட்டியல் இல்லைங்கிறது வேற விஷயம்மா, கட்டம் இருக்குல்ல?” என்று பதில் வந்தது. இதற்கு மேல் வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. நெறியாளர்தான் வழி கண்டுபிடித்தார்: பட்டியலை நிறுத்துவதாக மானியக் குழு வெளியிட்ட பொது அறிவிப்பை அச்செடுத்து, அதன் மேல் ‘இணைப்பு’ என்று எண் போட்டு, கட்டத்தில் ‘பார்க்க இணைப்பு’ என்று எழுதச் சொன்னார். மறுபேச்சில்லாமல் முத்திரை விழுந்தது. இந்தக் கதையில் நான் வாய்விட்டுச் சிரித்த இடம் இது ஒன்றுதான்.

பரிசுக்கு ஜியோடேக் புகைப்படம், அதாவது எடுத்த இடம் குறிக்கப்பட்ட படம், வேண்டும் என்பது அடுத்த கட்டம். மேடையில் சான்றிதழ் வாங்கும்போது தோழி எடுத்த படம் தெளிவாகவே இருந்தது. ஆனால் அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தார். அப்படி அனுப்பும்போது படத்தோடு இருக்கும் இடக் குறிப்பு கழன்றுவிடுகிறது என்பது எங்கள் இருவருக்குமே புதுச் செய்தி. அவருடைய கைபேசியில் மூலப்படம் இருந்தாலும், அதில் உள்ளுக்குள் இருக்கும் குறிப்பு செல்லாதாம். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி எல்லாம் படத்தின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டுமாம். நடந்து முடிந்த மாநாட்டுக்குத் திரும்பப் போக முடியுமா? மாநாட்டு அமைப்பாளருக்கு எழுதி, அவர்கள் புகைப்படக்காரர் எடுத்த படத்தைக் கையொப்பத்தோடு வாங்கிச் சமர்ப்பித்தோம். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இடமும் நேரமும் அச்சிடும் கேமரா செயலியைக் கைபேசியில் வைத்துக்கொண்டு போங்கள், படத்தை மின்னஞ்சலிலோ கோப்பாகவோ அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட நாளைத் தின்றது கிராமத்துக் கடிதம். ஆய்வு முடிவுகளைப் பாசி எடுக்கும் பெண்களிடமே போய் விளக்கிச் சொன்னோம். அது ‘விரிவாக்கப் பணி’ என்ற தலைப்பில் மையத்தின் சாதனையாகவும் ஏறும் என்பதால், மீனவர் சங்கத்தின் லெட்டர்பேடில் கடிதம் கேட்டார்கள். தலைவர் விசைப்படகு வைத்திருப்பவர். இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். செவ்வாயும் வியாழனும் ஞாயிறும் மீனை இறக்கி எடை போட்டுக் கணக்கு முடித்துவிட்டு மனிதர் தூங்கப் போய்விடுவார். மிச்சம் வெள்ளி. அந்த வெள்ளிக்கிழமை பார்த்து, இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்ததைக் கண்டித்து வேலைநிறுத்தம்; அவர் போராட்டத்தில் இருந்தார். பிறகு ஒருநாள் இறங்குதளத்தில் ஐஸ் பெட்டியின் மேல் தாளை வைத்து அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஈரம் பட்டு முத்திரை கொஞ்சம் கலங்கியது. அலுவலகத்தில் முத்திரை தெளிவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திரும்ப வந்து கேட்டபோது அவர் கோபப்படவில்லை. “எங்க படகுக்குக் கேக்குற காயிதம் மாதிரியேல்ல கேக்குறாங்க” என்று சிரித்துக்கொண்டே வேறு தாளை எடுத்தார்.

கையெழுத்து வேலைகளை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை; படகுகள் கரையேறி மராமத்தில் இருக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் களப்பணியை அதே மாதங்களில் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஆண்கள் வீட்டில் இருக்கும்போது பெண்களிடம் திருமண வயதையும் பிள்ளைகளின் பிறப்பையும் கேட்டால், திண்ணையிலிருந்து பதில் வரும். அந்தப் பதிலைப் படிவத்தில் எழுதத்தான் முடியும், கட்டுரையில் நம்ப முடியாது.

என் வரி ஏறிவிட்டது. தலைப்பெழுத்தும் சரியாக இருக்கிறது. நெறியாளரின் வரியும் அதே பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அவருடைய பதவி உயர்வுக் கோப்பில் சிக்கல் தீரவில்லை. மானியக் குழுவின் 2018 விதிமுறை அட்டவணைப்படி ஒரு கட்டுரைக்கு அறிவியல் துறைகளில் 8 புள்ளி, சமூக அறிவியல் துறைகளில் 10 புள்ளி. இரண்டு பேர் எழுதியிருந்தால் ஆளுக்கு அதில் 70 விழுக்காடு. மக்கள்தொகையியல் எந்தப் பக்கம் என்று கேட்டு அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. எங்கள் மையம் தொடக்கத்தில் புள்ளியியலோடு சேர்ந்து இருந்ததாம். பிறகு சமூக அறிவியல் புலத்துக்கு மாற்றினார்களாம். அந்த மாற்றத்துக்கான ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் நகல் வேண்டும் என்கிறார்கள். அது பழைய பதிவறையில் இருப்பதாகச் சொல்கிறார்கள்; சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார்.