குமரியின் நடுக்குடும்பம்

குமரி மாவட்டத்துக் கிராமக் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே இடைநிலை வருமானம். வளைகுடாப் பணம் வரும் சில வீடுகள் சராசரியை மேலே இழுத்துவிடும் எங்கள் ஊர்களில், சராசரியைவிட இந்த அளவையே நான் நம்புகிறேன்.

ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருமானத்தைக் கேட்பதில்லை. 2011-இன் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பும், ஊரகக் குடும்பத்தில் அதிகம் ஈட்டுபவரின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் குறைவா, 10,000 ரூபாய்க்கு மேலா, இடைப்பட்டதா என்று மட்டுமே கேட்டது. குலசேகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மழை நாள்களில் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். குளச்சலை ஒட்டிய கடலோர ஊர்களில் மீன்பாடு நாளுக்கு நாள் மாறும். அங்கே ‘மாத வருமானம்’ என்பதற்கு என்ன விடை சொல்வது?

காலவாரியாக ஒப்பிடுவது இன்னும் கடினம். 2011-இல் மாவட்டத்தில் சுமார் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினராகக் கணக்கிடப்பட்டனர். தென்னந்தோப்பும் வயலும் சூழ்ந்திருந்தாலும் பேரூராட்சி என்றால் கணக்கில் அது நகரம்தான். வசதியான ஊர்கள் இப்படிக் கிராமப் பட்டியலிலிருந்து வெளியேறினால், எவருடைய வருமானமும் குறையாமலே கிராம இடைநிலை இறங்கிவிடும். ஆகவே முதலில் ஓர் ஆண்டின் கிராம–நகர எல்லையை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதன் பிறகே விலைவாசி உயர்வைக் கழிக்க வேண்டும்.