பிஎச்டி களஆய்வுக்குக் காசு தேடின கதை

ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு கம்பஸில் காணும் தம்பி தங்கச்சிமார் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: "அக்கா, காசு எங்கேயிருந்து எடுத்தீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

என்னுடைய தலைப்பு மாகாண சபைகள். இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு 1987இல் வந்தவை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, வடக்கு 2018 ஒக்டோபரில், மேல் மாகாணம் 2019 ஏப்ரலில். பிறகு தேர்தலே இல்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதற்குத் தேர்தல் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் வேண்டும் என்றார்கள், எல்லை நிர்ணய அறிக்கை வந்ததும் 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே அதைத் தோற்கடித்தது, பழைய முறையும் இல்லை புதியதும் இல்லை என்று விஷயம் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஆனால் உறுப்பினர் இல்லாத சபைக் கட்டடங்களில் லைட் எரிகிறது, ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வருகிறது, றோட்டுக்குத் தார் ஊற்றுகிறார்கள். இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்? ஆளுநரா, பிரதம செயலாளரா, கொழும்பில் இருக்கும் அமைச்சா? இதைக் கேட்பதற்கு மேல், கிழக்கு, வடக்கு சபைகள் இருக்கும் பத்தரமுல்லை, திருகோணமலை, கைதடி மூன்று இடத்துக்கும் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பத்தரமுல்லை பரவாயில்லை, வெள்ளவத்தையில் இருந்து பஸ் மாறிப் போய்விடலாம். மற்ற இரண்டுக்கும் இரவு பஸ், தங்குமிடம், வேலையில் லீவு.

முதல் ஆறு மாதம் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். எங்கே எவ்வளவு தருகிறார்கள், கடைசித் திகதி எப்போது, இந்த இரண்டையும் மட்டும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன், யார் விண்ணப்பிக்கலாம் என்ற வரியைப் பார்க்கவில்லை. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் ஊடாக, அந்த நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் காசில், முனைவர் ஆய்வுக்கென்றே 10,000 முதல் 15,000 டொலர் வரை ஒரு மானியம் இருந்தது. அரசியல் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. மூன்று கிழமை உட்கார்ந்து முன்மொழிவு எழுதி முடித்த பிறகுதான் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த மாணவராக இருக்க வேண்டும் என்பதைக் கண்டேன். முதல் பக்கத்திலேயே இருந்தது, பெரிய எழுத்தில்.

ஹரி ஃபிராங்க் குகன்ஹைம் அறக்கட்டளை எந்த நாட்டு மாணவருக்கும் கொடுக்கிறது, 25,000 டொலர். ஆனால் அது வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கு, அதுவும் அந்த வருடமே எழுதி முடிக்கப் போகிறவர்களுக்கு. களஆய்வுக்கு அல்ல. "வன்முறை என்று ஒரு அத்தியாயத்தைச் சேர்த்து விடேன்" என்று ஒரு சிநேகிதி சொன்னாள். ஒரு இரவு முழுக்க இருந்து முயற்சி செய்தேன், 'தேர்தல் மறுப்பு எனும் கட்டமைப்பு வன்முறை' என்று தலைப்புக்கூட வைத்தாயிற்று. காலையில் பிளேன்டீயோடு எடுத்து வாசித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொதுநலவாயப் புலமைப்பரிசிலில் இங்கே பதிவு செய்துகொண்டே ஒரு வருடம் வரை பிரித்தானியாவில் இருந்து படிக்கும் வழி உண்டு, நூலகமும் இரண்டாவது மேற்பார்வையாளரும் தேவைப்படுகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். எனக்குத் தேவைப்பட்ட ஆட்கள் கைதடியில் இருந்தார்கள்.

சரி, உள்ளூர்க் காசு. இங்கே ரூபாயில் கிடைக்கும் மானியங்கள் சிலவற்றுக்கு மாணவர் தன் பெயரில் கேட்க முடியாது, மேற்பார்வையாளர்தான் பிரதான ஆய்வாளர், காசும் அவருடைய பல்கலைக்கழகத்தின் கணக்குக்குத்தான் வரும். சேர் மறுக்காமல் கையொப்பம் வைத்தார். ஆனால் அந்தப் படிவம் விஞ்ஞான பீடத்துக்காகவே செய்தது. உபகரணங்களுக்கு ஒரு பக்கம், இரசாயனப் பொருட்களுக்கு அரைப் பக்கம், கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒரு பெட்டி, பயணத்துக்கு இரண்டு வரி. இரசாயனப் பொருட்களுக்கு நேரே 'ஏற்புடையதல்ல' என்று எழுதி, பயணத்துக்குத் தனித்தாள் இணைத்துக் கொடுத்தேன். 2022 பெப்ரவரியில் பதில் வந்தது, இல்லை என்று. கீழே ஒரு மதிப்பீட்டாளரின் குறிப்பு: ஏன் மூன்று மாகாணம், ஒன்று போதாதா?

இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தால் என்னிடம் உண்மையில் பதில் இல்லை. அம்மா திருகோணமலை, படித்தது யாழ்ப்பாணம், இருப்பது கொழும்பு, அதனால் மூன்று என்று வைத்திருக்கிறேன்! பிறகுதான் காரணத்தைத் தேடினேன்: மூன்று சபையும் வெவ்வேறு வருடத்தில் கலைந்தவை, ஆகவே சபை இல்லாமல் இருந்த காலமும் மூன்று விதம். சபை இல்லாமல் நடத்தும் பழக்கம் எப்போது வழமையாகிறது என்று பார்க்க அது வேண்டும். முன்மொழிவில் அந்தப் பந்தியை எழுதவைத்தது அந்த முகம் தெரியாத மனுஷர்தான், காசு தராவிட்டாலும்.

அதே பந்தியைச் சேர்த்து வெளிநாட்டு மன்றம் ஒன்றின் சிறு மானியத்துக்கு அனுப்பினேன், 3,000 டொலர். மார்ச் கடைசியில் ஸூம் வழியாக நேர்முகம். பொருளாதார நெருக்கடியில் 10 மணித்தியாலம், 13 மணித்தியாலம் என்று கரண்ட் வெட்டின கிழமை அது. அட்டவணை பார்த்து நேரம் வாங்கியிருந்தேன், ஆனால் அட்டவணையையே மாற்றிவிட்டார்கள். லப்டொப்பில் 40 வீதம் சார்ஜ், போனில் இருந்து டேட்டா, கரண்ட் போனால் டவரும் மெதுவாகும், அறையில் வெளிச்சம் இல்லாததால் பல்கனியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன், கீழே காலி வீதியில் ஜெனரேட்டர் சத்தம். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். இரண்டு பேர் கேட்டது இப்போது ஞாபகமில்லை. மூன்றாவது ஆள், வயதான பெண்மணி, கேட்டார்: "நாளைக்குத் தேர்தல் அறிவித்தால் உங்கள் ஆய்வு என்ன ஆகும்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: நாளைக்கே அறிவித்தாலும் இவ்வளவு வருடம் சபை இல்லாமல் ஓடியது இல்லை என்று ஆகிவிடாதே, புதிதாக வருகிற உறுப்பினர்கள் அந்தப் பழக்கத்துக்கு நடுவில்தானே வந்து உட்காரப் போகிறார்கள். அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் இதை ஏன் முன்மொழிவின் நாலாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?" என்றார். சார்ஜ் 11 வீதத்தில் இருந்தபோது கூட்டம் முடிந்தது. பிறகு எழுதிய எல்லா விண்ணப்பத்திலும் அதுதான் முதல் வரி.

கிடைத்தது. விண்ணப்பிக்கும்போது ஒரு டொலர் 200 ரூபாய், காசு வந்தபோது 360. லாபம் என்று நினைக்காதீர்கள். ஜனவரியில் 17 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40. அதற்கு முந்திய வருட விலையில் பட்ஜெட் போட்டு எனக்குக் கிடைத்த இன்னொரு மானியம், பல்கலைக்கழகத்தின் உள் மானியம், 150,000 ரூபாய், கையில் இருக்கும்போதே பாதியாகத் தேய்ந்தது. எரிபொருள் வரிசை குறையும் வரை எங்கேயும் போக முடியவில்லை. ஒக்டோபரில்தான் முதல் இரவு பஸ் ஏறினேன். இதில் இன்னொரு வேடிக்கை, 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குக் காசில்லை என்று அரசாங்கமே கையை விரித்தது. தேர்தல் இல்லாததைப் பற்றி ஆராயக் காசு கேட்டுத் திரிந்தவளுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பட்ஜெட்டில் நான் பெரிதாகப் பிழைவிட்ட இடம் பயணம் இல்லை, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது. 46 நேர்காணல், அதில் 21 சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச வரும், ஆனால் ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரி ஒருவர் வேகமாகப் பேசியதை ஒரு மணித்தியாலம் கேட்டு எழுத ஆறு மணித்தியாலம் போகும். அதற்கு நான் போட்டிருந்தது மொத்தமாக 20,000 ரூபாய். முதல் ஆறு ஒலிப்பதிவிலேயே முடிந்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தது பண்டமாற்று: பேராதனையில் படித்த சிங்கள நண்பர் ஒருவர் தோட்ட வீடமைப்பு பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார், அவரிடம் மலையகத் தமிழில் பதிவுகள் குவிந்து கிடந்தன. அவருடையதை நான் எழுதினேன், என்னுடையதை அவர். வெளிநாட்டு மானியத்துக்கு எழுதுகிறவர்கள் இதைத் தனி வரியாக, காரணத்தோடு போடுங்கள். ஒரே நாட்டுக்குள் ஆய்வு செய்ய ஏன் மொழிபெயர்ப்பாளர் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தானாக விளங்காது.

காசில்லாத மாதங்களில் தகவலுக்கான உரிமைச் சட்டம் உதவியது. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மூன்று இடத்துக்குப் போட்டேன், இரண்டில் ஒழுங்காகப் பதில் வந்தது, மூன்றாவதுக்கு மேன்முறையீடு வரை போனேன். ஒரு பஸ் பயணத்தின் செலவைவிடக் குறைவு.

கிடைத்த காசை எடுப்பது இன்னொரு பிஎச்டி. உள் மானியத்தில் முற்பணம் இல்லை, முதலில் செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டுத் தருவாரா? நேர்காணல் கொடுத்த ஐயாவுக்கு நான் வாங்கிக்கொண்டு போன பிஸ்கட் எந்தத் தலைப்பில் வரும்? முதல் தடவை மூன்று மாத டிக்கெட்டுகளை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்குப் பிரிவில் இருந்த அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதி வெள்ளைத் தாள். மெஷினில் அடிக்கும் டிக்கெட்டில் எழுத்து நிற்காது, சூட்டில் மங்கிப் போய்விடும். "மகள், இது எங்கே போன டிக்கெட்?" என்று கேட்டார், எனக்கே தெரியவில்லை. 9,000 ரூபாய்க்கு மேல் அப்படிப் போயிற்று. திட்டாமல் வழியும் சொல்லித் தந்தவர் அவர்தான்: பஸ்ஸால் இறங்கின அன்றைக்கே பக்கத்து கொமினிகேசனில் போட்டோக்கொப்பி அடித்து, மூலத்தை ஏ4 தாளில் ஒட்டி, பக்கத்தில் திகதி, போன இடம், காரணம் எழுதி ஒப்பம் வைத்துவிடு. ஓட்டோவுக்கு ஒரு பயணப் பதிவுப் படிவம் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். கேட்காவிட்டால் அப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லமாட்டார்கள்.

மொத்தமாகப் பார்த்தால் எட்டு இடத்துக்கு அனுப்பி இரண்டு கிடைத்தது, மிச்சம் என் சம்பளமும் அக்காவின் கைமாற்றும். அக்காவுக்குக் கொடுத்து முடித்துவிட்டேன். கடைசி வவுச்சர், 11,300 ரூபாய், இன்னும் கணக்குப் பிரிவில்தான் கிடக்கிறது. போன கிழமை கேட்டபோது பைல் மேலே போயிருக்கிறது என்றார்கள்.