நிறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறல் தீரவில்லையா?

சர்ஃபேக்டன்ட் என்பது நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய படலம். குறைமாதக் குழந்தைக்கு அது போதாமல் போவது சகஜம். 37 வாரம் தாண்டிப் பிறந்தும் திணறல் நாள்கணக்கில் நீடித்தால் சர்ஃபேக்டன்ட் சரியாக உருவாகத் தேவையான எஸ்எஃப்டிபிபி (SFTPB), ஏபிசிஏ3 (ABCA3) மரபணுக்களின் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முக்கியத் துப்பு: மூச்சுக் குழாய்வழியே சர்ஃபேக்டன்ட் கொடுத்ததும் ஆக்சிஜன் அளவு ஏறும், சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். கொடுத்தது தீர்ந்துவிடுகிறது, உள்ளே சரியாகச் சுரப்பதில்லை.

பெற்றோர் இருவரிடமும் இவற்றில் ஒரே மரபணுவில் பழுது இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர 25% வாய்ப்பு. சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் மரபியல் ஆலோசனைக்குப் போகும்போது, மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல் வாங்கினாலோ, விலா உள்வாங்கி முனகினாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள். நம் நிறத்துக்கு, ஆக்சிஜன் குறைந்து நீலம் பாய்வது நாக்கிலும் ஈறிலும்தான் தெளிவாகத் தெரியும்.