துண்டுக்கடியில் ஒரு நாணயம்

நேற்று கரண்ட் போன நேரத்தில் மகளோடு பூவா தலையா. ஐந்து ரூபாய் நாணயத்தைத் தலை தெரியும்படி வைத்துத் துண்டால் மூடினேன். முதலில் நான், அடுத்து அவள், கடைசியில் மறுபடி நான். திருப்பலாம், சும்மாவும் விடலாம். தடவிப் பார்க்கக் கூடாது. தலை வந்தால் எனக்கு வெற்றி. பத்தில் ஐந்து தோற்றேன்.

1999-இல் கணிதவியலாளர் டேவிட் மேயர் எழுதிய குவாண்டம் ஆட்டமும், அதாவது எலக்ட்ரான் போன்ற நுண்துகள்களின் விதிப்படி ஆடும் ஆட்டமும், இதேதான். ஆனால் முதல் ஆள் நாணயத்தைத் தலையும் பூவும் சமமாகக் கலந்த நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறார். அதைத் திருப்பினாலும் அதே நிலைதான்! எதிராளி என்ன செய்தாலும் வீண். கடைசியில் கலவையை அவிழ்த்தால் எப்போதும் தலை.

“இது போங்காட்டம்பா” என்றாள். சரிதான். எதிராளிக்கும் குவாண்டம் வித்தையைக் கொடுத்தால் அந்த நிச்சயம் போய்விடும்.