புழு எப்படிப் பரவுகிறது? பைதனில் ஒரு பொம்மை இணையம்

கணினிப் புழு, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பிரதி எடுத்துப் பரவும் தீய நிரல், பரவுவதைப் பைதன் நிரல்மொழியில் ஓட்டிப் பார்க்கும் வேலை ஒருவழியாக உருப்படியான நிலைக்கு வந்துவிட்டது. உண்மையான புழு எதையும் தொடவில்லை, எல்லாம் எண்கள்தான். 65,536 முகவரிகள், அவற்றில் 1,300 ஓட்டைக் கணினிகள், அதாவது புழு நுழையக்கூடிய பாதுகாப்புக் குறை உள்ளவை. ஒன்றில் மட்டும் தொற்றை வைத்தேன். தொற்றிய ஒவ்வொன்றும் சுற்றுக்குப் பத்து முகவரிகளைக் குருட்டாம்போக்கில் தட்டும்.

20ஆம் சுற்றுவரை நாற்பது கணினிகூடத் தொற்றவில்லை, வரைபடத்தில் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. 40ஆம் சுற்று வந்தபோது கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. 55இல் தப்பியவை நூறுக்குள்.

அப்புறம் ஒரு வரியை மாற்றினேன். தற்செயல் எண்களின் வரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வது விதை எண்; எல்லாப் புழுக்களுக்கும் ஒரே விதை எண்ணைக் கொடுத்தேன். 2001 ஜூலையில் வந்த கோட் ரெட் புழுவின் முதல் வடிவம் இப்படித்தான் இருந்தது: முகவரிகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதுபோல் தெரியும், ஆனால் விதை மாறாததால் எல்லாப் பிரதிகளுக்கும் ஒரே பட்டியல். கல்யாண அழைப்பிதழோடு கிளம்பிய பத்துப் பேரும் தெருவின் முதல் வீட்டிலிருந்தே தொடங்கினால் எப்படியோ, அப்படி. முதல் புழு மட்டுமே புது வீட்டைத் தட்டும், மற்றவை அதன் பின்னால் வீணாக அலையும். என் மாதிரியில் 40 சுற்று முடிந்தும் பத்துக் கணினிகூடத் தொற்றவில்லை. கோட் ரெட்டிலும் யாரோ அந்த விதையைத் திருத்தினார்கள். ஜூலை 19 அன்று திருத்திய வடிவம் 14 மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகளைப் பிடித்தது. இத்தனைக்கும் அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஜூனிலேயே திருத்தம் கொடுத்திருந்தது.

தட்டும் வேகத்தையும் கூட்டிப் பார்த்தேன். கோடு செங்குத்தாகிறது, அவ்வளவுதான். 2003 ஜனவரியில் வந்த ஸ்லாமர் புழு அந்த வகை: மொத்தமே 376 பைட், பதிலுக்குக் காத்திராமல் ஒற்றைத் தரவுப் பொட்டலமாகத் தன்னை வீசிக்கொண்டே போகும். தொடக்கத்தில் தொற்றிய கணினிகளின் எண்ணிக்கை 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது.

பக்கத்து வீட்டுத் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "நெட்டே இல்லாத கொம்பியூட்டருக்கு எப்படி அண்ணா வரும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. திருகோணமலையில் கொம்யூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்த யாருக்கும் விடை தெரியும். பென் டிரைவைத் திரும்ப வீட்டில் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகியிருக்கும், அளவு ஒரு கேபியோ இரண்டு கேபியோ. உண்மையான ஃபோல்டர் ஒளிந்திருக்கும். 2008 இறுதியில் பரவிய கான்ஃபிக்கர் புழு இன்னும் தந்திரமானது. பென் டிரைவைச் செருகியதும் விண்டோஸ் காட்டும் பெட்டியில், ஃபோல்டரைத் திறப்பதற்கான வழி போலவே படமும் வாசகமும் வைத்துத் தன்னை ஓட்டிக்கொண்டது.

ஆகவே இணையத்தோடு சேராத மூன்று கடைகளையும், அவற்றுக்கிடையே அலையும் சில பென் டிரைவ்களையும் சேர்த்தேன். இந்தக் கோடு வளையவில்லை, படிக்கட்டாக ஏறியது: நெடுநேரம் சும்மா இருக்கும், ஒருவர் பிரிண்ட் எடுக்க வந்ததும் கடை முழுக்கப் போய்விடும். முகவரியைத் தேடும் சிரமமே புழுவுக்கு இல்லை, கொண்டுபோய்ச் சேர்க்க நாங்கள் இருக்கிறோம்.

ஆனால் இப்போது பலர் பிரிண்டுக்கு வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். அடுத்து, பாதிப் பென் டிரைவ்களை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.