ஆடி மாதத்துப் பெட்டி

எங்கள் வீட்டு நடுஅறையில், கட்டிலுக்கு அடியில், கறுப்பு வண்ணம் பூசிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடியில் அப்பாவின் ராணுவ எண், ஹவில்தார் என்ற பதவி, அவருடைய பெயர் மூன்றும் வெள்ளை எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கின்றன. மெட்ராஸ் ரெஜிமெண்டில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நாளில், அந்தப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டுதான் அவர் காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கினார். அதன்பின் அது அம்மாவின் பொறுப்புக்கு வந்தது. பட்டுப் புடவைகளும், நிலப் பத்திரங்களும், என் பள்ளிச் சான்றிதழ்களும் அந்துருண்டை வாசத்தோடு அதற்குள் கிடக்கின்றன. வரும் அக்டோபரில் நான் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்வதானால் இந்தப் பெட்டியைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருக்கிறார். சேரச் சொல்லும் கடிதம் கைக்கு வராமல் அதிலிருந்து ஒரு புடவையைக்கூட வெளியே எடுக்கப் போவதில்லை என்று அம்மா முடிவு செய்திருக்கிறார். அதிலும் இப்போது ஆடி மாதம்.

என் நிலைமையைத் தெரிந்துகொள்ள விரும்பி ஊரில் பலரும் கேட்கிறார்கள். "செலக்ட் ஆயிட்டியா, இல்லையா?" என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கூற முடியாததால் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். இங்கேயாவது முறையாகச் சொல்லிவிடுகிறேன். கடந்த செப்டம்பரில் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை எழுதினேன். பயிற்சி அகாடமிக்கு மட்டும் விண்ணப்பிப்பவர்களுக்கு ஆங்கிலம், பொது அறிவு என இரண்டு தாள்கள். தாளுக்கு 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் தேறியவர்களை எஸ்.எஸ்.பி. என்னும் பணித்தேர்வு வாரியம் ஐந்து நாள் தங்கவைத்துச் சோதிக்கிறது. அதற்கு 200 மதிப்பெண். அங்கே பரிந்துரைக்கப்பட்டு, ராணுவ மருத்துவர்களால் தகுதியானவர் என்று சான்று பெற்றாலும் இடம் உறுதியாகிவிடாது. இரண்டு மதிப்பெண்களையும் கூட்டி அகில இந்தியத் தகுதிப் பட்டியல் வெளிவரும். காலியிடங்களின் எண்ணிக்கைக்குள் பெயர் வந்தால்தான் சேர்க்கைக் கடிதம் வரும். நான் விண்ணப்பித்த தேர்வில் பெண்களுக்கு இருந்த இடங்கள் இருபதுக்கும் குறைவு. நான் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறேன், மருத்துவத் தகுதியும் பெற்றுவிட்டேன். பட்டியலுக்காகக் காத்திருக்கிறேன்.

பெங்களூரு தேர்வு மையத்துக்கு நான் இரண்டு முறை சென்றேன். முதல் முறை, முதல் நாளிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். மங்கலான ஒரு படத்தைச் சில நொடிகள் காட்டி, அதைப் பற்றிக் கதை எழுதச் சொல்லி, பிறகு குழுவாக அமர்ந்து அந்தக் கதைகளை விவாதித்துப் பொதுவான ஒரு கதைக்கு வரச் சொல்வார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசிய அந்தக் குழுவில் நானும் குரலை உயர்த்தினேனே தவிர, மற்றவர்கள் சொன்ன ஒரு வரியைக்கூடக் காதில் வாங்கவில்லை. மாலை ரயிலில் திரும்பும்போதுதான் அது உறைத்தது. இரண்டாம் முறை, என் அருகில் பேச இடம் கிடைக்காமல் தவித்த ஒரு பெண்ணின் கதை மற்றவற்றைவிடப் பொருத்தமாக இருப்பதாகத் தோன்றியதால், அதையே குழுவின் கதையாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அதனால்தான் தேர்வானேன் என்று கூற எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அன்று நான் நடந்துகொண்ட விதம் எனக்கே நிறைவாக இருந்தது.

அடுத்த நாட்களில், திரையில் தோன்றும் 60 சொற்களுக்குச் சொல்லுக்கு 15 நொடி வீதம் ஒவ்வொரு வாக்கியம் எழுத வேண்டும். 60 சூழ்நிலைகளுக்கு அரைமணி நேரத்தில் என்ன செய்வோம் என்று எழுத வேண்டும். சிந்தித்து நல்லவளாக நடிப்பதற்கு அங்கே நேரம் கிடையாது. மைதானத்தில் மரப்பலகையும் கயிறும் பீப்பாயும் கொடுத்துத் தரையைத் தொடாமல் குழுவாகத் தடைகளைக் கடக்கச் சொல்வார்கள். ஐந்தாம் நாள், மார்பில் கட்டியிருந்த எண்களை ஓர் அதிகாரி வாசித்தார். எங்கள் குழுவில் இரண்டே எண்கள். என் எண் இரண்டாவதாக வந்தது.

மருத்துவப் பரிசோதனையில் காதில் அடைப்பு இருப்பதாகச் சொல்லி என்னைத் தற்காலிகமாகத் தகுதியற்றவள் என்று எழுதினார்கள். 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் நிற்க வேண்டும். வேலூரில் ஒரு மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொண்டு வேறொரு ராணுவ மருத்துவமனைக்குச் சென்று தகுதிச் சான்று பெற்றேன். இதற்குத் தயாராகும் தங்கைகளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: தேர்வு மையத்துக்குப் புறப்படும் முன்பே காது, பல், கண், எடை ஆகியவற்றை உள்ளூர் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்த ஆறு வாரங்களில் அம்மா இழந்த தூக்கத்தை நான் பார்த்தேன்.

பிறகு தொடங்கியதுதான் இந்தக் காத்திருப்பு. முதல் சில வாரங்கள் யு.பி.எஸ்.சி. இணையதளத்தைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அப்பா என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, "பாப்பா, லிஸ்ட்டு வந்தா ஊரே வந்து சொல்லும். நீ எழுந்து ஷூவைப் போடு" என்றார். அன்று முதல் காலை ஐந்து மணிக்குப் பாலாற்றங்கரையில் ஓடுகிறேன். 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்துக்குள் ஓடும் அளவுக்கு உடலைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று தேர்வு அறிவிக்கையே கூறுகிறது. தண்ணீர் இல்லாத ஆற்றின் மணலில் கால் புதையப் புதைய ஓடிப் பழகியபின், கரைமேல் உள்ள மண்பாதை இப்போது எளிதாக இருக்கிறது. அப்பா தன் பழைய கைக்கடிகாரத்தோடு அரசமரத்தடியில் நிற்பார். பாராட்ட மாட்டார், நேரத்தை மட்டும் சொல்வார்.

மாலையில் மொட்டை மாடியில் டிரில். சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல், தம் என்று அணிவகுப்புக் கட்டளைகள் எல்லாம் இந்தியில்தான் இருக்கும் என்பதால், பொருள் யோசிக்காமல் உடல் கேட்கும்படி அவற்றைப் பழக்குகிறார். குதிகாலைத் தரையில் அறையும் ஓசை கேட்டு முதல் நாள் கீழ்வீட்டுப் பாட்டி பயந்துபோய் மேலே வந்தார். இப்போது ஓசை கேட்காத நாளில்தான் வந்து விசாரிக்கிறார்.

டிரில் முடிந்து, மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அரைமணி நேரத்துக்காகவே இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். என் அப்பா ஒருபோதும் அதிகாரியாக இருந்ததில்லை. 24 ஆண்டுகள் அதிகாரிகளைக் கீழிருந்து பார்த்தவர். பயிற்சி வகுப்புகளோ, தேர்வுக்கான புத்தகங்களோ சொல்லித் தராத ஒன்றை, அதாவது புதிதாக வந்து நிற்கும் ஒரு லெப்டினன்டை ஜவான்கள் எப்படி அளந்து பார்க்கிறார்கள் என்பதை, அவர் எனக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வருகிறார். லங்கரில், அதாவது ஜவான்களின் சமையற்கூடத்தில், சாப்பாடு வரும்போது சாகிப் (அதிகாரி) வரிசையின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை முதலில் பார்ப்பார்களாம். விடுப்பு மறுக்கும்போது விண்ணப்பத்தை மட்டும் பார்க்கிறாரா, எழுதியவனின் முகத்தையும் பார்க்கிறாரா என்பது அடுத்தது. வீட்டில் யாருக்கு உடல்நலம் இல்லை, யாருக்குக் குழந்தை பிறந்தது என்பதை ஒரு முறை சொன்னால் நினைவில் வைத்திருக்கிறாரா என்பதையும் கவனிப்பார்களாம்.

ஒரு நிகழ்ச்சியை அவர் இரண்டு முறை சொன்னார். மலைப்பகுதியில் இரவு ரோந்து. பட்டாலியனுக்கு வந்து இரண்டு மாதங்களே ஆன இளம் அதிகாரி வரைபடத்தைத் தவறாகப் படித்ததால் எல்லோரும் வேறொரு சரிவில் இறங்கிவிட்டார்கள். பனியில் மீண்டும் மேலேற வேண்டிய நிலை. அந்த அதிகாரி அனைவரையும் நிறுத்தி, "தவறு என்னுடையது" என்று சொல்லிவிட்டு, வானொலிக் கருவியைச் சுமந்து வந்தவரிடமிருந்து அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முதலில் ஏறினார். "அதுக்கப்புறம் அவர் நரகத்துக்கு வழி காட்டினாலும் செக்‌ஷனே பின்னால போயிருக்கும்" என்றார் அப்பா. இதே போன்ற தவறைச் செய்துவிட்டு வழிகாட்டிய ஹவில்தார்மீது பழியைப் போட்ட வேறொருவரைப் பற்றியும் சொன்னார். அந்த ஹவில்தார் யார் என்று நான் கேட்கவில்லை; அவர் குரலே சொல்லிவிட்டது.

டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 1932-இல் தொடங்கப்பட்டபோது, அன்றைய இந்திய ராணுவத் தலைமைத் தளபதி பிலிப் செட்வுட் ஆற்றிய உரையில், நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலில், உன் கட்டளையின்கீழ் இருப்பவர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து, உன் சொந்தச் சுகம் எப்போதும் கடைசி என்ற கருத்து வருகிறது. நேர்காணலுக்காக நான் அதை மனப்பாடம் செய்திருந்தேன். அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "எழுதி வெச்சது நல்லதுதான். ஆனா சோத்து வரிசையிலதான் தெரியும்" என்றார். பட்டியல் உடனே வந்திருந்தால், இந்தப் பேச்சுகள் எதுவும் நடந்திருக்காது. நாளும் பொழுதும் என்னை வாட்டிய இந்த மாதங்களுக்கு அதற்காகவே நன்றி சொல்ல வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மாவின் கவலை வேறு. பெண்ணுக்கு இது எத்தனை நாள் வேலை என்று அத்தை ஒருவர் கேட்டதிலிருந்து அது கூடிவிட்டது. பயிற்சிக் காலத்தில் திருமணம் செய்துகொள்ள முடியாது என்ற விதியைக் கேட்டு உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு நான் பொறுமையாகவே விளக்கினேன். 1992 முதல் இந்த அகாடமியில் பெண்கள் பயிற்சி பெற்று அதிகாரிகளாகிறார்கள். குறுகிய காலப் பணி என்றாலும் 10 ஆண்டுகள், நீட்டித்தால் 14 ஆண்டுகள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், குறுகிய காலப் பணியில் சேர்ந்த பெண் அதிகாரிகளையும் நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்க வேண்டும் என்றாகிவிட்டது. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடி அதைப் பெற்றுத் தந்த பெண்களை நான் நேரில் பார்த்ததில்லை. அத்தைக்கு என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடிந்ததற்கு அவர்களே காரணம்.

"மெட்ராஸ்தானே, மூணு மணி நேரம். ஞாயித்துக்கிழமை சாம்பார் சாதம் கட்டிக்கிட்டு வந்துடுவேன்" என்று அம்மா தொடக்கத்தில் தன்னைத் தேற்றிக்கொண்டார். வேலூரிலிருந்து பரங்கிமலை ஏறக்குறைய 140 கிலோமீட்டர்தான். மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் கடந்துசெல்லும் இடம். ஆனால் உள்ளே போனபின் தொடக்க வாரங்களில் வெளியே வர முடியாது, நினைத்தபோது கைப்பேசியில் பேச முடியாது, 49 வாரப் பயிற்சியில் வீட்டுக்கு வருவது விடுப்பு தருகிற நாட்களில் மட்டும்தான் என்று அப்பா மெதுவாக விளக்கியபோது, அம்மா எதுவும் பேசாமல் அடுப்படிக்குப் போனார். அப்பா எல்லையில் இருந்த ஆண்டுகளில் அவரிடமிருந்து வந்த இன்லண்ட் கடிதங்களை எண்ணி எண்ணிப் படித்தவர் அம்மா. தொலைவைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுபடியும் அதே கணக்கை மகளுக்காகத் தொடங்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அந்த மௌனம்.

போன வாரம் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போனோம். அம்மா என்ன வேண்டிக்கொண்டார் என்று சொல்லவில்லை. திரும்பி வந்த இரவு, "அங்க தலைக்கு எண்ணெய் வெச்சுக்க விடுவாங்களா?" என்று கேட்டார். முடியை இறுக்கிக் கொண்டை போட வேண்டும், எண்ணெய் வைக்கலாம் என்று சொன்னேன். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை ஒரு சிறிய பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, கசியாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றினார். பிறகு கட்டிலுக்கு அருகே குனிந்து, பெட்டியைத் திறக்காமல், அதன் மூடிமேல் அப்பாவின் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டிலை நிற்க வைத்தார்.