பாதித் தூண்டி போட்டால் பாதிப் புரதமா?

தூண்டியின் (மரபணுவை இயக்கிவிடும் வேதிப்பொருளின்) அளவைக் குறைத்தால் ஒவ்வொரு பாக்டீரியாவும் அதற்கேற்பக் குறைவாகப் புரதம் செய்யும் என்றுதான் தோன்றும். இ.கோலையின் லாக் ஆபரான், அதாவது லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுப்பு, அப்படி நடப்பதில்லை. டிஎம்ஜி என்ற தூண்டியை நடுத்தர அளவில் கொடுத்தால் சில செல்கள் முழு வேகத்தில் இயங்கும், மற்றவை சும்மா கிடக்கும். நோவிக், வீனர் என்ற ஆய்வாளர்கள் 1957-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

லாக்-ஐ என்ற அடக்கிப் புரதம் ஒரு செல்லில் ஏறக்குறைய 10 மூலக்கூறுதான் இருக்கும். அது ஒட்டும் டிஎன்ஏ இடங்கள் (ஆபரேட்டர்கள்) ஓ1, ஓ2, ஓ3 என மூன்று. அது ஓ1-ஐயும், கூடவே ஓ2 அல்லது ஓ3-ஐயும் பிடித்து டிஎன்ஏவை வளைத்துக் கட்டிவிடும். ஓ2, ஓ3 இரண்டையும் அழித்தால் 1,300 மடங்கு அடக்கம் 18 மடங்காகச் சரிகிறது. அடக்கி முழுதாகக் கழன்றுபோகும் அபூர்வ கணத்தில் பெர்மியேஸ் என்ற சவ்வுக் கடத்திப் புரதம் ஒரேயடியாகக் குவியும். அது டிஎம்ஜியை உள்ளே இழுக்கும், உள்ளே வந்த டிஎம்ஜி அடக்கியை மீண்டும் டிஎன்ஏவில் உட்கார விடாது. பெர்மியேஸ் சில நூறைத் தாண்டினால் செல் 'ஆன்' நிலையிலேயே நின்றுவிடும்.

இதனால் முந்தைய வளர்ப்பின் வரலாறு முக்கியம். சக்சினேட்டை உணவாகக் கொண்ட ஊடகத்தில் சுமார் 3 முதல் 30 மைக்ரோமோலார் டிஎம்ஜி வரை, ஏற்கெனவே இயங்கிய செல் இயங்கிக்கொண்டே இருக்கும், இயங்காதது அப்படியே கிடக்கும். முன்வளர்ப்பில் தூண்டி இருந்திருந்தால் கழுவினால் மட்டும் போதாது. பழைய பெர்மியேஸ் ஒவ்வொரு பிரிவிலும் பாதியாகத்தான் குறையும். 1:1000 நீர்த்து வளர்த்தால் பத்துத் தலைமுறை கிடைக்கும். குளுக்கோஸைத் தவிர்த்துவிடுங்கள்: அது ஆபரானை ஊக்கும் சிஆர்பி புரதத்தின் வேலையைக் குறைப்பதோடு பெர்மியேஸையும் தடுக்கிறது.

ஆபரான் செய்யும் நொதியை நிறமாற்றத்தால் அளக்கும் ஓஎன்பிஜி சோதனை கூட்டத்தின் சராசரியைத்தான் தரும், இரண்டு வகைச் செல்கள் இருப்பதே அதில் தெரியாது. ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியை ஆபரானின் கட்டுப்பாட்டில் வைத்து, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பாருங்கள், இரண்டு மேடுகள் எழும். அந்த ஜிஎஃப்பியைப் பல நகல் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையத்தில்) வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. 40 நகல் ஆபரேட்டர்கள் இருக்கிற 10 அடக்கிகளையும் உறிஞ்சிக்கொண்டால், அளக்கப் போன வலைப்பின்னலே மாறிவிடும். குரோமோசோமில் ஒரே நகலாகச் செருகுவது நல்லது. ஜிஎஃப்பி எளிதில் சிதையாது என்பதால், ஆபரான் அணைந்த பிறகும் சில தலைமுறைக்கு ஒளி முழுதாக மறையாமல் ஏமாற்றும்.

அளவுக்கேற்ப ஏறி இறங்கும் உற்பத்திதான் வேண்டும் என்றால் பெர்மியேஸ் மரபணுவான லாக்-ஒய்யை நீக்கிய வகையை எடுத்து ஐபிடிஜி என்ற தூண்டியைக் கொடுங்கள். ஐபிடிஜி பெர்மியேஸ் இல்லாமலும் சவ்வைக் கடக்கும். பெர்மியேஸ் தூண்டியை இழுக்க, தூண்டி பெர்மியேஸைப் பெருக்கும் சுழற்சி அறுந்துவிட்டதால் செல்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இயங்கும்.